நாலு குடும்பம் சேர்ந்து கிளம்பினால்... வாசகர் கேள்விகள்

இரண்டு இதழ்களுக்கு முன்னால் ஒரு பதிலின் கடைசியில், போகிற போக்கில், ‘தெரிந்த குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு மாதம் ஒரு தடவை வெளியே போய்ப் பாருங்களேன்’ என்று எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதி ‘எப்படிப் போவது’ என்று கேட்கின்றன, மீதிப் பாதி ‘போனோம், சண்டை வந்தது’ என்று சொல்கின்றன. சண்டைக் கடிதங்கள்தான் படிக்க நன்றாக இருந்தன. அதனால் அவற்றிலிருந்துதான் அதிகம் எடுத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: நாங்கள் ஐந்து குடும்பங்கள். வெளியே போவதற்கென்றே வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. மெசேஜ் மட்டும் ஆயிரக்கணக்கில் ஓடியிருக்கிறது, நான்கு முறை வாக்கெடுப்புகூட நடத்தினோம், ஒரு தடவைகூடக் கிளம்பவில்லை. என்னதான் வழி?

பதில்: முதலில் வாக்கெடுப்பை நிறுத்துங்கள். ஐந்து வீட்டுக்கும் ஒத்துவருகிற தேதி என்று ஒன்று உலகத்தில் கிடையாது. ஒரு வீட்டில் பரீட்சை, ஒரு வீட்டில் விசேஷம், ஒரு வீட்டில் காய்ச்சல், இது வருஷம் முழுக்க இருக்கும். நீங்களே தேதியை முடிவு செய்துகொண்டு, ‘மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, காலை 7 மணி, இன்ன மைதானம், நாங்கள் அங்கே இருப்போம், வருகிறவர்கள் வரலாம்’ என்று ஒரே ஒரு செய்தி போடுங்கள். வருவீர்களா என்று கேட்கவே கூடாது. கேட்டால் ‘பார்க்கலாம்’ என்று பதில் வரும், ‘பார்க்கலாம்’ என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

லண்டனில் புஷி பார்க் என்ற பூங்காவில் 2004 அக்டோபரில் 13 பேர் சேர்ந்து 5 கிலோமீட்டர் ஓடினார்கள். ஏற்பாடு செய்த பால் சின்டன்-ஹெவிட்டுக்கு அப்போது காயம், அவரால் ஓட முடியவில்லை. ஓடுகிற நண்பர்களோடு தொடர்பு விட்டுப்போகக் கூடாது என்றுதான் தொடங்கினார். அடுத்த சனிக்கிழமையும் அதே இடம், அதே 9 மணி. அதற்கடுத்த சனிக்கிழமையும் அப்படியே. இன்றைக்கு அது பார்க்ரன் என்ற பெயரில் 20-க்கும் மேற்பட்ட நாடுகளில் இலவசமாக நடக்கிறது. அதன் ரகசியம் ஓட்டத்தில் இல்லை என்பது என் எண்ணம். எப்போது, எங்கே என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

உங்களுக்கு முதல் மாதம் ஒரு குடும்பம்தான் வரும். யாருமே வராவிட்டாலும் நீங்கள் போய் இரண்டு மணி நேரம் விளையாடிவிட்டு வந்து குழுவில் ஒரு படம் போடுங்கள். இடம் பக்கத்திலேயே இருக்கட்டும். மூன்று மணி நேரம் வண்டியில் போகிற ஊரை எல்லாம் இரண்டாவது வருஷம் யோசிக்கலாம்.

கேள்வி: மூன்று குடும்பமாக ஒரு குன்றுப் பாதையில் நடந்தோம். என் நான்கு வயது மகளும் 70 வயது மாமியாரும் பின்தங்கிவிட்டார்கள், இளவட்டங்கள் எங்கேயோ போய்விட்டார்கள். நடுவில் நான். ‘நாங்கள் அங்கங்கே நின்று உங்களுக்காகக் காத்திருந்தோமே’ என்கிறார்கள் அவர்கள். கோபப்பட எனக்கு உரிமை உண்டா, இல்லையா?

பதில்: உண்டு. அவர்கள் ‘காத்திருந்த’ லட்சணத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வேகமாகப் போனவர்கள் ஒரு மரத்தடியில் பத்து நிமிஷம் உட்கார்ந்து இளைப்பாறுகிறார்கள். நீங்கள் மூச்சு வாங்க வந்து சேர்கிறீர்கள். ‘வந்தாச்சா, சரி, கிளம்பலாம்’ என்று எழுந்துவிடுகிறார்கள். ஓய்வு யாருக்குத் தேவையோ அவர்களுக்கு மட்டும் கடைசிவரை ஓய்வே இல்லை! மலையேறிப் பழகியவர்களுக்கு இது பழைய கதை, புதிதாக வருகிறவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது: கடைசியாக வருபவர் வந்து சேர்ந்த பிறகுதான் ஓய்வு நேரத்தையே எண்ண ஆரம்பிக்க வேண்டும்.

மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். வால் பிடிப்பதற்கு, அதாவது எல்லாருக்கும் பின்னால் வருவதற்கு, பெரியவர் ஒருவரை நியமித்துவிடுங்கள், அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. பாதை பிரிகிற இடம் வந்தால் அத்தனை பேரும் சேரும்வரை ஓரடி எடுத்து வைக்கக் கூடாது. இந்த மூன்றையும் கிளம்பும்போதே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை வராது.

நேரக் கணக்கும் முக்கியம். ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் ஒரு கணக்குச் சொன்னார்: மூன்று மைல், ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நடக்க ஒரு மணி நேரம், ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும், அதாவது சுமார் 600 மீட்டருக்கும், இன்னொரு மணி நேரம். இன்றைக்கும் மலை நடைக்காரர்கள் இதைத்தான் அடிப்படையாக வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் பாதை 4 கிலோமீட்டர், 200 மீட்டர் ஏற்றம் என்றால் 48 நிமிஷமும் 20 நிமிஷமும் சேர்த்து ஒரு மணி எட்டு நிமிஷம். ஆனால் அது நெய்ஸ்மித் மாதிரி ஆட்களுக்கு. அவர் கூடவே எறும்புப் புற்றைக் கண்டால் உட்கார்ந்துவிடுகிற நான்கு வயதுக் குழந்தை நடந்ததாகத் தெரியவில்லை. நான் எப்போதும் அந்தக் கணக்கை இரண்டால் பெருக்கி, மேலே ஒரு அரை மணி போட்டுக்கொள்வேன். அப்புறம் திரும்பும் நேரம் என்று ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: ‘11 மணிக்கு எங்கே நிற்கிறோமோ அங்கிருந்து திரும்புகிறோம்’. உச்சி இன்னும் ஐந்து நிமிஷத்தில் வந்துவிடும் என்று யாராவது கெஞ்சுவார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: இதை எழுதும்போது இப்போதும் கை நடுங்குகிறது. நான்கு குடும்பங்கள் ஓர் ஏரிக்கரைக்குப் போயிருந்தோம். பெரியவர்கள் மட்டும் ஒன்பது பேர். பிள்ளைகள் கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். தற்செயலாகத் திரும்பிய என் நாத்தனார்தான் என் ஆறு வயதுப் பையன் தண்ணீருக்குள் போவதைப் பார்த்து இழுத்துப் போட்டாள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒன்பது பேர் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தோம், ஒரு சத்தம்கூடக் கேட்கவில்லையே, எப்படி? யார் தவறு இது?

பதில்: பையன் நலமாக இருக்கிறான் என்பதை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

சத்தம் கேட்காததில் ஆச்சரியம் இல்லை. தண்ணீரில் மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கத்துவார் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பல வருஷம் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த ஃப்ராங்க் பியா, மூழ்குகிறவர்களைப் படம்பிடித்துப் பார்த்துச் சொன்னது வேறு. வாய் தண்ணீருக்கு மேலே வரும் அந்த ஒரு கணம் மூச்சை இழுக்கவே போதாது, கத்த எங்கே நேரம்? கைகள் தாமாகவே பக்கவாட்டில் விரிந்து தண்ணீரைக் கீழே அழுத்தும், உயர்த்தி ஆட்ட முடியாது. உடம்பு நெட்டுக்குத்தாக நிற்கும். தள்ளி இருந்து பார்ப்பவர்களுக்குக் குழந்தை சும்மா நின்று விளையாடுவதுபோல இருக்கும். இப்படி 20 நொடியிலிருந்து 60 நொடிவரைதான் தாங்கும், பிறகு உள்ளே போய்விடும். ஒரு செல்ஃபி எடுத்து, சரியில்லை என்று இன்னொன்று எடுக்கிற நேரம்.

ஒன்பது பேர் இருந்தும் என்கிறீர்கள். ஒன்பது பேர் இருந்ததால்தான் என்பேன் நான். பிப் லட்டானே, ஜான் டார்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1968-ல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. மாணவர்களை ஓர் அறையில் உட்கார்ந்து படிவம் நிரப்பச் சொல்லிவிட்டு, சுவரில் இருந்த துவாரம் வழியாகப் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்துபோய்ச் சொன்னார்கள். மூன்று பேராக உட்கார வைத்தபோது 38 சதவீத அறைகளில்தான் யாராவது ஒருவராவது எழுந்தார். மற்ற அறைகளில் கண்ணைக் கசக்கிக்கொண்டே எழுதிக்கொண்டிருந்தார்கள்! ஒருவர் இன்னொருவரைப் பார்க்கிறார், அவர் அசையவில்லை, அப்படியானால் ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று இவரும் இருந்துவிடுகிறார். ஏரிக்கரையிலும் அதேதான். அம்மா பார்த்துக்கொள்வாள் என்று அப்பா, அப்பா கிட்டேதானே உட்கார்ந்திருக்கிறார் என்று அம்மா, அத்தனை பேர் இருக்கிறார்களே என்று பெரியப்பா.

அதனால் யார் தவறு என்று தேட வேண்டாம், தேடினால் ஒன்பது பேருமேதான் வருவீர்கள். இனிமேல் தண்ணீர்ப் பக்கம் போனால் ஒரு நேரத்தில் ஒரே ஒருவர் பெயர் சொல்லிப் பொறுப்பாக இருக்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் ஒரு சிவப்புத் தொப்பி வைத்திருக்கிறோம். தொப்பி யார் தலையில் இருக்கிறதோ அவருக்குப் போன் இல்லை, பேச்சு இல்லை, சாப்பாடு இல்லை, கண் தண்ணீரில். 15 நிமிஷம்தான், அதற்குமேல் யாராலும் கவனம் வைக்க முடியாது. தொப்பியைக் கழற்றி அடுத்தவர் தலையில் வைக்கும்போது ‘ஆறு பேர் தண்ணீரில், இனி நீ’ என்று வாய்விட்டுச் சொல்லி, அவர் ‘ஆறு பேர், நான்’ என்று திருப்பிச் சொன்ன பிறகுதான் இவர் நகரலாம். கேட்கச் சிரிப்பாக இருக்கும், முதல் நாள் எங்களுக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. நீச்சல் தெரியாத குழந்தைகள் என்றால் தொப்பிகூடப் போதாது, ஒரு பெரியவர் தண்ணீருக்குள்ளேயே கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும்.

காற்றடைத்த வளையமும் கையில் மாட்டுகிற காற்றுப் பட்டையும் விளையாட்டுச் சாமான்கள், உயிர்காக்கும் அங்கி ஆகாது. ஒரு குழந்தை காணவில்லை என்றால் முதலில் தண்ணீரைப் பாருங்கள், அப்புறம் மரத்தடி, கழிப்பறை, வண்டி. யாராவது தத்தளித்தால் சட்டென்று குதிக்காதீர்கள், கயிறோ நீளக் கம்போ காலி பிளாஸ்டிக் கேனோ எது கிடைத்தாலும் நீட்டுங்கள், எறியுங்கள். காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து போன கதைகள் வேண்டிய அளவு இருக்கின்றன. உங்கள் நான்கு குடும்பத்தில் இரண்டு பேராவது முதலுதவிப் பயிற்சி ஒன்றுக்குப் போய் வாருங்கள். மூழ்கியவருக்கு மார்பை அழுத்துவதோடு வாய்வழி மூச்சும் கொடுத்தாக வேண்டும், அதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, செய்து பழக வேண்டும்.

கேள்வி: கூடும் இடத்தில் போனுக்குத் தடை போடலாமா?

பதில்: போடலாம், முதலில் உங்களுடையதை எடுத்து உள்ளே வையுங்கள். முழு சார்ஜோடு ஒரே ஒரு போன் ஒருவர் பையில் அவசரத்துக்கு இருக்கட்டும். பிறர் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிற படத்தைக் கேட்காமல் எங்கேயும் போடாதீர்கள்.

கேள்வி: எல்லாரும் ‘ஜாலியாகப் போய் வந்தோம்’ என்கிறார்கள். நான் முந்தின நாள் ராத்திரி 12 மணிவரை கட்டி, விடியற்காலை எழுந்து சமைத்து, அங்கே பரிமாறி, வந்து பாத்திரம் கழுவினேன். சமையலறையைத் தூக்கிக்கொண்டு போய்ப் புல்வெளியில் வைத்ததுபோல இருந்தது. இதைச் சொன்னால் ‘உன்னை யார் இவ்வளவு செய்யச் சொன்னது’ என்கிறார் கணவர்.

பதில்: அவர் கேட்ட கேள்வியையே பிடித்துக்கொள்ளுங்கள். யாரும் சொல்லவில்லை அல்லவா? அடுத்த தடவை செய்யாதீர்கள். ‘இந்த முறை சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்து வராது’ என்று ஒரு வாரம் முன்பே குழுவில் போட்டுவிட்டு, நிஜமாகவே வெறுங்கையோடு போய் உட்காருங்கள். பதற்றமாகத்தான் இருக்கும். யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள், அவரவர் வீட்டுக்கு அவரவர் கட்டிக்கொண்டு வருவார்கள், அதுதான் சரியான ஏற்பாடும்கூட.

காலையில் கூடி சாப்பாட்டு வேளைக்கு முன்னால் கலைந்துவிடுவது அதைவிடச் சுலபம். எங்கள் கூட்டம் 11 மணிக்கு முடிந்துவிடும், வீட்டுக்குப் போய்த்தான் சாப்பாடு. பாதுகாப்பும் அதில் இருக்கிறது. 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் பாக்டீரியா மளமளவென்று பெருகும், அதனால் சமைத்ததை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். நான்கு வீட்டுக்குச் சேர்த்து விடியற்காலையில் சமைத்ததை மத்தியானம் 2 மணிக்குத் திறந்தால் அடுத்த நாள் நான்கு வீட்டிலும் வயிறு சரியிருக்காது.

மற்ற வேலைகளுக்கும் இதே வைத்தியம். தண்ணீர், முதலுதவிப் பெட்டி, பந்து, குப்பைப் பை, ஆள் எண்ணுவது என்று எழுதி ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு பெயர் போடுங்கள், குடும்பத்தின் பெயரை அல்ல, ஆளின் பெயரை. ‘சுந்தரம் வீடு’ என்று எழுதினால் அது திருமதி சுந்தரம் தலையில்தான் வந்து விழும்.

கேள்வி: மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்தபோது தூரத்தில் இடி. மழை இன்னும் வரவில்லையே, ஆட்டத்தை முடித்துவிட்டுப் போகலாம் என்றார் நண்பர். நான் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பயந்தாங்கொள்ளி என்ற பட்டம் கிடைத்தது.

பதில்: வைத்துக்கொள்ளுங்கள், நல்ல பட்டம். இடி காதில் விழுகிறது என்றாலே மின்னல் எட்டும் தூரத்தில்தான் நிற்கிறீர்கள், மழை வந்ததா என்பது அதற்குப் பொருட்டே இல்லை. ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய 3 நொடி ஆகும். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்கி 30-க்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே சுவர், கூரை உள்ள கட்டடத்துக்கோ இரும்புக் கூரை போட்ட காருக்கோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆனபிறகுதான் திரும்பி வரலாம். மரத்தடியும் கூடாரமும் நாலு பக்கமும் திறந்த கொட்டகையும் ஒதுங்குவதற்கான இடங்கள் இல்லை. மின்னல் நேராகத் தலையில் விழ வேண்டும் என்றில்லை, பக்கத்து மரத்தில் விழுந்து நிலத்தின் வழியாகப் பரவி வரும் மின்சாரமே ஆளைக் கொல்லும். ‘நான் எண்ணினேன், பன்னிரண்டு வந்தது’ என்று மட்டும் நண்பரிடம் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: 14 வயது மகன் எதற்கும் வரமாட்டேன் என்கிறான். வந்தாலும் காரை விட்டு இறங்குவதில்லை. மற்ற வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அவனைவிடச் சின்னவர்கள்.

பதில்: அவன் இடத்தில் நான் இருந்தாலும் இறங்க மாட்டேன். எட்டு வயதுக் கும்பலோடு ஓடிப்பிடித்து விளையாடவும் முடியாது, பெரியவர்கள் வீட்டுக்கடன் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்காரவும் முடியாது. அவனுக்கு அங்கே ஒரு வேலை இல்லை, அதுதான் விஷயம்.

வரைபடத்தை அவன் கையில் கொடுங்கள். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே. 1919-ல் ஸ்வீடனில் எர்ன்ஸ்ட் கிலாண்டர் என்ற ராணுவ அதிகாரிக்கு இதே தலைவலி இருந்தது, இளைஞர்களுக்கு ஓட்டப் பந்தயத்தில் ஆர்வம் விட்டுப்போயிற்று என்று. தடத்தில் சுற்றிச் சுற்றி ஓடவிடாமல், ஆளுக்கொரு வரைபடமும் திசைகாட்டியும் கொடுத்து, காட்டுக்குள் அங்கங்கே வைத்திருக்கும் குறிகளைக் கண்டுபிடித்துக்கொண்டு வா என்று அனுப்பினார். ஓரியன்டியரிங் என்று இன்றைக்கு உலகம் முழுக்க நடக்கிற விளையாட்டு அப்படித்தான் பரவியது. உங்கள் பூங்காவுக்கே ஒரு வரைபடம் வரைந்து பத்து இடத்தில் குறி ஒளித்துவைக்கிற பொறுப்பை அவனிடம் விடுங்கள், சின்னவர்கள் தேடட்டும்.

கையில் போன் இருந்தால்தான் இறங்குவான் என்றால் அதற்கும் ஆட்டம் உண்டு. ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்த்துவைத்திருந்த பிழையை அமெரிக்கா 2000 மே 2-ம் தேதி நீக்கியது. அதுவரை 100 மீட்டர்வரை தவறாகக் காட்டிக்கொண்டிருந்த கருவிகள் ஒரே ராத்திரியில் துல்லியமாயின. மறுநாளே அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளியில் சில சாமான்களைப் போட்டு ஒளித்துவைத்து, இருக்கும் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போட்டு, முடிந்தால் கண்டுபிடியுங்கள் என்றார். ஜியோகேஷிங் என்ற பெயரில் இன்றைக்கு உலகம் முழுக்க லட்சக்கணக்கான டப்பாக்கள் இப்படி ஒளிந்திருக்கின்றன.

ஒரு நிபந்தனை. வழிகாட்டும் பொறுப்பைக் கொடுத்தபிறகு அவன் தப்பான பாதையில் திரும்பினால் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. ஆபத்தில்லாத இடமாகப் பார்த்துப் போங்கள், அரை மணி நேரம் சுற்றவிடுங்கள், அவனே கண்டுபிடித்துத் திரும்பட்டும். அப்பாக்களுக்கு இது ரொம்பக் கஷ்டம் என்பது தெரியும். அவனுடைய நண்பன் ஒருவனையும் சேர்த்து அழைத்துக்கொள்ளுங்கள், அது இன்னும் பலமான மருந்து.

கேள்வி: வெளியே விளையாடினால் கண்ணாடி போட வேண்டியதில்லை என்று ஒருவர் சொன்னார். உண்மையா, சும்மாவா?

பதில்: பாதி உண்மை. சீனாவின் குவாங்ஜோ நகரத்தில் 12 பள்ளிகளின் முதல் வகுப்புப் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் தினமும் கூடுதலாக 40 நிமிஷம் வெளியே வகுப்பு வைத்தார்கள். மூன்று வருஷம் கழித்துப் பார்த்ததில் வழக்கம்போல இருந்தவர்களில் 39.5 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது, வெளியே போனவர்களில் 30.4 சதவீதம். 2015-ல் வெளியான ஆய்வு இது. வெளிச்சம்தான் காரணம் என்று பெரும்பாலும் கருதுகிறார்கள், அறைக்குள் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கும் வெளிச்சம் பகலில் வெளியே 10,000-ஐத் தாண்டும். அதனால் கண்ணாடி வருவதைத் தள்ளிப்போடலாம், குறைக்கலாம். ஏற்கெனவே போட்டிருக்கும் கண்ணாடி மைதானத்தில் ஓடினால் கழன்றுவிடாது, ஓடும்போது கீழே விழுந்து உடைவதைத் தவிர.

கேள்வி: கூட்டத்தில் குழந்தை தொலைந்துபோனால் என்ன செய்வது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். தொலையாமல் இருக்க என்ன செய்வது என்று எழுதுங்களேன்.

பதில்: எண்ணுங்கள். கிளம்பும்போது, இடம் மாறும்போது, வண்டி ஏறும்போது. என் சொந்த அவமானத்தைச் சொல்கிறேன். பல வருஷம் முன்பு இரண்டு வண்டிகளில் திரும்பிக்கொண்டிருந்தோம், பாதி வழியில் தண்ணீர் குடிக்க நிறுத்தினால் என் அக்கா மகன் இல்லை. உங்கள் வண்டியில் இருக்கிறான் என்று நாங்கள், உங்கள் வண்டியில்தானே ஏறினான் என்று அவர்கள். பூங்காக் கழிப்பறை வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தவனை அங்கே வேலை செய்கிற அம்மா ஒருவர் மடியில் உட்கார வைத்திருந்தார். அக்கா என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை. இப்போது ஆள் எண்ணுவதற்கென்று ஒருவர் இருக்கிறார், அவர் எண்ணாமல் சாவி திருப்பக் கூடாது.

கிளம்பும் முன் எல்லாப் பிள்ளைகளையும் நிற்கவைத்து ஒரு படம் எடுத்துவிடுங்கள், அன்றைக்குப் போட்டிருக்கும் உடையும் செருப்பும் தெரிகிற மாதிரி. பதற்றத்தில் சட்டை என்ன நிறம் என்று பெற்ற தாய்க்கே மறந்துபோகும். ஆளுக்கொரு விசில் கழுத்தில் மாட்டி, வழி தவறினால் மூன்று முறை ஊதச் சொல்லுங்கள். அப்புறம் முக்கியமாக, தேடி அலையாமல் நின்ற இடத்திலேயே நிற்கச் சொல்லுங்கள். 1981-ல் அமெரிக்காவில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் மலையில் வழிதவறி இறந்துபோனான். அதற்குப் பிறகு ‘மரத்தைக் கட்டிக்கொள்’ என்றே பெயர் வைத்து இதைக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்கள். நகராமல் ஒரு மரத்தடியில் இருக்கும் குழந்தையைத் தேடுகிறவர்கள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கேள்வி: தூரமாகப் போக வசதியில்லை, பகலில் எல்லாருக்கும் வேலை. எங்களுக்கு ஏதாவது உண்டா?

பதில்: ராத்திரி இருக்கிறதே! மாடியில் பாய் விரித்து நான்கு குடும்பமும் படுத்துக்கொண்டு வானம் பாருங்கள். கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிஷம் ஆகும், நடுவில் ஒருவர் போனைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து. டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொள்ளுங்கள், சிவப்பு வெளிச்சம் கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது. பழைய பைனாகுலர் ஒன்று கிடைத்தால் சுவரில் சாய்த்து ஆடாமல் பிடித்து வியாழனைப் பாருங்கள், பக்கத்தில் வரிசையாகச் சின்னப் புள்ளிகள் தெரியும். கலிலியோ 1610 ஜனவரியில் பார்த்த அதே நான்கு நிலவுகள். ஆண்டுதோறும் டிசம்பர் 13, 14 தேதிகளை ஒட்டி ஜெமினிட் எரிகற்கள் உச்சத்துக்கு வரும், அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். நிலவு இல்லாத வருஷமாக அமைந்தால் பிள்ளைகள் தூங்கவே மாட்டார்கள்.

கேள்வி: என் மகள் சக்கர நாற்காலியில் இருக்கிறாள், வயது 11. எங்கள் நண்பர்கள் நல்லவர்கள், எப்போதும் கூப்பிடுவார்கள். ‘அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம், நாங்கள் தூக்கிவிடுகிறோம்’ என்பார்கள். அவளுக்குத் தூக்குவது பிடிக்கவில்லை. கடைசி இரண்டு தடவை வயிற்றுவலி என்று சொல்லி வரவில்லை. நான் என்ன சொல்ல வேண்டும் அவர்களிடம்?

பதில்: அவள் சொல்வதைத்தான். 11 வயதுப் பெண்ணை நான்கு மாமாக்கள் சேர்ந்து மூட்டை மாதிரி தூக்கினால் யாருக்குத்தான் வயிறு வலிக்காது? அவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இடத்தை முடிவு செய்துவிட்டு அவளை அதற்குள் எப்படிப் பொருத்துவது என்று பார்க்கிறார்கள். அடுத்த கூடலுக்கு இடம் தேர்ந்தெடுக்கும் வேலைக்கு எதிரில் உங்கள் மகளின் பெயரைப் போடச் சொல்லுங்கள். அவள் தனியாகப் போய்வர முடிகிற இடம் என்றால் பாட்டிக்கும் வசதி, கைக்குழந்தை வண்டிக்கும் வசதி.

போகும் முன் அவளைக் கூட்டிக்கொண்டு நீங்களும் நண்பர்களில் ஒருவரும் ஒரு சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ‘எல்லா வசதியும் இருக்கிறது’ என்று போனில் சொல்வதை நம்பாதீர்கள், படி ஒன்றே ஒன்றுதானே என்று அவர்கள் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்கள். சரிவுப் பாதை 12 அடி நீளத்துக்கு ஓரடிக்கு மேல் உயரக் கூடாது, அதைவிடச் செங்குத்தாக இருந்தால் அவளால் தானாகத் தள்ளிக்கொண்டு ஏற முடியாது. மணலும் சரளையும் சக்கரத்தை விழுங்கிவிடும், கெட்டித் தரையாக இருக்க வேண்டும். கழிப்பறைக் கதவு திறந்தால் உள்வழி 32 அங்குலமாவது, அதாவது 81 சென்டிமீட்டராவது, இருக்கிறதா என்று பாருங்கள், உள்ளே போனபிறகு நாற்காலியைத் திருப்ப இடம் இருக்கிறதா என்றும். அளக்கும் டேப்பை அவள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.